லேத்துக்குப் பொட்டு வைத்த பள்ளிக்கூடம்

என் மகனே,

நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று ஒன்றரைப் பக்கம் திட்டி எழுதத் தெம்பு இருக்கிறவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உன் அப்பாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். இங்கே அரிசிக்கு வரிசையில் நின்று கால் வலித்ததுதான் மிச்சம். பாதி நாள் கேப்பைக் களிதான் கிண்டுகிறேன். அப்பா அதை மல்லாட்டைக் கடலைத் துவையலோடு சப்புக் கொட்டிக்கொண்டு சாப்பிடுகிறார். ஆகவே மைசூர்ச் சாம்பாருக்காக என்னிடம் அனுதாபம் எதிர்பார்க்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷத்துக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்று இந்த மாதக் கடைசிக்குள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ சேர்ந்திருப்பது உயர்நிலைப் பள்ளியில் இன்ஜினீயரிங் பாடம் நடத்தும் வாத்தியார்களுக்கான படிப்பு. நாலு வருஷம் முடித்தால் பட்டமும் கிடைக்கும், ஆசிரியர் பயிற்சியும் முடிந்துவிடும். முதல் வருஷம் கணக்கும் பௌதிகமும் பட்டறையுமாக உனக்கு இனித்தது. இப்போதுதான் மனோதத்துவம், போதனா முறை, பாடக் குறிப்பு எழுதுவது, பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு நடத்திப் பழகுவது என்று இரண்டாம் வருஷம் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் செலவாகும் நேரத்தில் ஒரு வார்ப்படப் பட்டறை வேலையையே கற்றுக்கொண்டுவிடலாம் என்கிறாய். உன் வகுப்பில் இரண்டு பேர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்துக்கே நேராக மாறிப் போகிறார்களாம், நீயும் போகலாமா என்று கேட்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. "நம்ம ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டருக்கும் டிப்ளமாதானேம்மா, அவர் வாத்தியாரா இல்லியா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தை உன் அறைக்காரர்களும் படிக்கட்டும். மாறிப் போகிற அந்த இரண்டு பேரும்கூடப் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் அப்பா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்துவிட்டாள் என்ற பேச்சு வரும். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கி, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு உன் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். முகத்தில் தீபாவளிதான்.

"நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? மிஷினு படிச்சவன் எதுக்கு வாத்தியாரா ஆவணும்? வாத்தியாரா ஆவறவன் எதுக்கு மிஷினு படிக்கணும்? ரெண்டு குதிரை மேல குந்திக்கினு எத்தினி தூரம் போவான்? ஜல்தி மாறிக்கச் சொல்லு. முடிச்சிக்கினு வந்தான்னா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல சேர்ந்துடலாம்."

"நீங்களே எழுதுங்களேன்."

"நான் எழுதினா ரெண்டு வரியில முடிஞ்சிடும். நீதான் டீச்சரு. நீ எழுது."

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி வருவது நான் சொல்வது.

நம் பள்ளிக்கு இரும்பு கடைகிற லேத் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது ஏழாவதோ எட்டாவதோ. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில், மரப்பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் வந்தது. உயர்நிலைப் பள்ளியிலேயே இன்ஜினீயரிங் படிப்பு, இனி நம் பிள்ளைகள் மெட்ராஸுக்கு ஓட வேண்டாம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஓடு வேய்ந்த ஷெட் ஒன்று கட்டி, தளம் போட்டு, இறக்கி வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்ட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், பள்ளிக்கு வந்திருப்பது விளக்கு எரிகிற கரண்ட் மட்டும் என்று. கரண்ட் வந்த பிறகு சொல்லித்தர ஆள் இல்லை. டிப்ளமா படித்தவன் கம்பெனிக்குப் போய்விடுகிறான், வாத்தியார் பயிற்சியான பி.டி. படித்தவனுக்கு லேத் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியாது. எனவே ஷெட்டுக்கு ஒரு பெரிய பூட்டு. வருஷத்துக்கு ஒரு தரம், ஆயுத பூஜை அன்று திறப்பார்கள். ஹெட்மாஸ்டர் தன் கையால் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டுவார். ஒரு தரம்கூடச் சுற்றாத லேத்துக்கு நம் பள்ளியில் வருஷா வருஷம் பொட்டு விழுந்தது. எனக்கு ஒரு சிரிப்பு வரும் பார், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வேன். நாள் முழுக்க ஓடுகிற என் தையல் வகுப்பு மெஷின்களுக்குக் குங்குமம் தீர்ந்துபோன பிறகுதான் முறை வரும்.

நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் இன்ஜினீயரிங் எடுத்தபோது பாடம் நடத்தியவர் சயின்ஸ் சார். அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாகப் படித்து, கரும்பலகையில் கலர் சாக்பீஸால் லேத்தை அப்படியே இறக்கிவைப்பார். நீங்களும் பார்த்து வரைந்தீர்கள். லேத் படத்துக்கு முழு மார்க் வாங்கினாய். அந்த லேத் சுற்றி நீ பார்த்ததே இல்லை, ஜன்னல் கம்பி வழியாக அதன் முதுகைப் பார்த்ததோடு சரி. ரிசல்ட் வந்த அன்று ஸ்டேஷனில் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் பாஸ் ஆன சந்தோஷத்தில் கலர் சோடா குடிக்க, நீ மட்டும் உர்ரென்று நின்றாய். "இன்னாடா?" என்றேன். "படம் போட்டு பாஸ் பண்ணிட்டேம்மா. நான் வாத்தியாரா வந்து அந்தப் பூட்டத் தொறக்கறேன் பாரு" என்றாய். சோடாவை முடி, வண்டி வருகிறது என்று அதட்டினேன்.

அந்த வார்த்தையை வைத்து உன்னைக் கட்டிப்போடப் போவதில்லை. மீசை முளைக்காத வயதில் சொன்னதற்கெல்லாம் ஆயுசு முழுக்கக் கட்டுப்பட வேண்டும் என்றால், உன் அப்பா இன்றைக்குப் பயில்வானாக இருந்திருக்க வேண்டும். நீ ஏன் மாற நினைக்கிறாய் என்பதும் எனக்குப் புரிகிறது. இரும்பைச் சீவினால் சீவின மாதிரி வருகிறது, அளந்தால் அளவு சரியாக இருக்கிறது, உன் வயதில் அது பெரிய சுகம். மனோதத்துவம் அப்படிக் கையில் அகப்படாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீ தத்தித் தத்தி நடக்கிற வயதில் உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கடலூருக்குத் தையல் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனேன் அல்லவா? உன்னைப் பார்சல் ஆபீஸ் தராசில் உட்காரவைத்து வேடிக்கை காட்டியே வேலை பார்த்தார் பாவம். போகும்போது எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ரவிக்கை, பாவாடை, சட்டை எதைக் கொடுத்தாலும் தைப்பேன், எனக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று. முதல் வாரமே ஒரு விதி சொன்னார்கள். மாணவியின் துணியை ஆசிரியை தொடக்கூடாது. செய்து காட்ட வேண்டுமானால் உன் துணியில் செய்து காட்டு. அவள் தைக்கும்போது உன் கை உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இது ஒரு பாடமா என்று நினைத்தேன். மாதிரி வகுப்பு நடத்தும்போதுதான் தெரிந்தது. ஒரு பெண் கோணலாகத் தையல் போடுகிறாள், எனக்குக் கை பரபரக்கிறது, பிடுங்கி இரண்டே இழுப்பில் சரிசெய்துவிடலாம். பிடுங்கவும் செய்தேன். துணி சரியாயிற்று. அந்தப் பெண் மறுநாளும் அதே இடத்தில் அதே கோணலோடு என் முன்னால் துணியை நீட்டினாள்.

இன்னொரு பாடம், மெஷினில் முதன்முதலாக உட்காருகிற பெண்ணுக்கு நூலே கொடுக்கக்கூடாது. கோடு போட்ட காகிதத்தை வைத்து, நூல் கோக்காத ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்ல வேண்டும். காலும் கையும் கண்ணும் சேர்ந்து பழகிய பிறகுதான் நூல், அதற்குப் பிறகுதான் துணி. எந்தத் தையல்காரரும் இப்படிக் கற்றுக்கொண்டதில்லை. சொல்லிக்கொடுப்பதற்கென்று யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. நீ நேரம் போகிறது என்று அலுத்துக்கொள்கிற போதனா முறை இதுதான், வேறொன்றும் இல்லை.

நீ ஒரு கோடை விடுமுறையில் என் கை மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கூடத்தில் பரப்பிவைத்தாயே, நினைவிருக்கிறதா? பள்ளியில் நூல், துணிக் கணக்கு முடித்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தேன். அடிப்பேன் என்று நீ முகத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டாய். அடிக்கத்தான் வந்தேன். எப்படியோ கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "எப்படிக் கழட்டினியோ அப்படியே மாட்டு, நான் நிக்கறேன்" என்றேன். அந்தச் சாயங்காலம் முழுக்க நின்றேன். சாதம் வடிக்கவில்லை. நீ ஒரு பல்சக்கரத்தைத் தலைகீழாக மாட்டினபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் விழுந்தது. மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. அந்தத் திருகாணி எதற்கு என்று எனக்கும் தெரியாது, அதை விற்ற ஏஜெண்டுக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நீ மெஷின்காரன் ஆனாய் என்று அப்பா இப்போதும் பெருமை அடித்துக்கொள்கிறார். நான் நின்றதை மட்டும் விட்டுவிடுவார்.

சரி, இன்ஸ்ட்ரக்டர் கதைக்கு வருகிறேன். நீ மைசூருக்கு வண்டி ஏறிய மாதம்தான் அவர் வேலையில் சேர்ந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகாத பிள்ளை. வந்த அன்றே பூட்டைத் திறந்து, லேத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் போட்டு அலசி, ஒரு வாரத்தில் ஓட்டிக் காட்டினார். ஹெட்மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கெட்டிக்காரர் என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரர், இரும்புக் கம்பியைக் கொடுத்தால் தங்கக் கடையில் செய்தது போல் கடைந்துவிடுவார். பையன்கள் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். இதைத்தான் உன் சிநேகிதர்கள் உனக்கு எழுதியிருப்பார்கள். மேலே நடந்ததை எழுதியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் மேலே ஒன்றுமே நடக்கவில்லை. ஷெட் தரையில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பக்கம் அவர் கடைவார். போன மாதம் வரைக்கும் ஒரு பையன்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எனக்கு அதைப் பார்க்கிறபோதெல்லாம், கட்டிக்கொள்ள வேண்டிய கை வேறு ஒருவருடையது என்று தோன்றும்.

அவரையும் தப்பு சொல்ல முடியாது. பாலிடெக்னிக்கில் அவர் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு விரல் போய்விட்டதாம், கண்ணால் பார்த்தவர். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஷெட்டுப் பக்கம் போனேன். என் மெஷினுக்கு ஒரு சின்ன அச்சு தேய்ந்துவிட்டது, கடைந்து தரமுடியுமா என்று கேட்கப் போனது. அவர் "குடுங்க டீச்சர், அஞ்சு நிமிசத்துல பண்ணித்தாறேன்" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, "வேணாம் சார், நானே பண்றேன், நீங்க சொல்லுங்க" என்றேன்.

"ஏனுங்க டீச்சர், வெளையாடறீங்களா? கையி போயிருமுங்க."

"கை போவாம எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தர்றதுக்குத்தானே சார் நீங்க வந்துக்கினு இருக்கீங்க?"

மனுஷன் திகைத்துப்போனார். நான் வயதில் மூத்தவள், போ என்று சொல்லவும் முடியவில்லை. முதலில் என் முந்தானையைப் பார்த்தார். "அது சுத்திக்குமுங்க, உசுருக்கே ஆபத்து" என்றார். அது எனக்குத் தோன்றாத விஷயம், அவர் சொன்னது நியாயம். என் பையில் ஊக்குக்கு என்ன பஞ்சம்? முந்தானையை இழுத்துச் சுற்றிச் செருகி முன்னும் பின்னும் ஊக்கு போட்டேன். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். கொண்டையை முடிந்து துணியால் கட்டினேன். கோட்டைத் தாண்டினேன். "முதல்ல கரண்ட் போட வேணாம் சார். நூல் கோக்காம ஓட்டற மாதிரி, சும்மாவே அந்தக் கைச்சக்கரத்தைச் சுத்திப் பழவறேன்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். காகிதத்தில் கோடு போட்டுத் தைக்கச் சொல்வதைச் சொன்னேன். "இது எங்களுக்கு யாருமே சொல்லலீங்க" என்றார்.

வெறும் லேத்தில் உளியை முன்னே கொண்டுபோவதும் பின்னே இழுப்பதுமாகப் பழகினேன். பிறகு எல்லாவற்றிலும் மெதுவான வேகத்தில் போட்டுவிட்டார். கம்பி சுற்ற, உளி தொட, கிறீச்சென்று ஒரு சத்தம். உடனே அவர் கை என் கைக்கு மேல் வந்துவிட்டது. "சார், ஆபத்துன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன். ஆபத்து இல்லன்னா கையப் பின்னால கட்டிக்குங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மூன்று தரம் கை வந்தது, மூன்று தரமும் சொன்னேன். கடைசியில் இரண்டு கையையும் பின்னால் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நெற்றியெல்லாம் வேர்வை. "லேசா... லேசா விடுங்க... இன்னும் ஒரு நூல் அளவு" என்று வாயால் மட்டும் சொன்னார். இரும்பு சுருள் சுருளாக வந்து விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? உன்னைப் பெற்றபோது இருந்த சந்தோஷத்துக்கு அடுத்தபடி என்று வைத்துக்கொள். ஜன்னலில் பையன்களும் பெண்களுமாக ஒரே கூட்டம், சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடித்ததுகூட யாருக்கும் காதில் விழவில்லை. அச்சு ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வந்தது. மெஷினுக்கு ஆகாது. ஆனால் அது நான் கடைந்தது.

மறுநாள் அவர் வெள்ளைக் கோட்டை அழிக்கவில்லை. ஆனால் ஒரு பையனை மட்டும் கோட்டுக்கு உள்ளே கூப்பிட்டு, கரண்ட் போடாமல் சக்கரத்தைச் சுற்றவிட்டார். அடுத்த நாள் இன்னொருவன். இப்போது வகுப்பில் பாதிப் பேர் வெறும் லேத்தில் பழகிவிட்டார்கள், நாலைந்து பேர் இரும்பைத் தொட்டும்விட்டார்கள். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் "டீச்சர், எங்களுக்குக் கெடையாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிற பேஜாரு போதாதென்று இது வேறு. அடுத்த வருஷத்துக்காவது என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்கத்தான் போகிறேன். அந்தக் கோணல் அச்சை உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் காகிதத்தில் சுற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் காணோம். அப்பா விழுப்புரத்துக்கு எடுத்துப் போய் ஆபீஸில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எங்க வூட்டம்மா கடைஞ்சது, லேத்துல" என்கிறாராம். திருப்பிக் கேட்டேன், "ஆபீஸ் சாமான், தரமாட்டேன்" என்கிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவர் வாத்தியாரா இல்லையா? ஒரு வருஷமாக இல்லை, இந்த ஒரு மாதமாக ஆகிக்கொண்டிருக்கிறார். அதை அவரே என்னிடம் சொன்னார், மனதில் கல்மிஷம் இல்லாத பிள்ளை. "எனக்கு மெசினுதானுங்க புரியுது, பசங்க புரியலீங்க" என்றார். சயின்ஸ் சாருக்குப் பையன்களைப் புரிந்தது, மெஷின் புரியவில்லை. நம் பள்ளிக்கு வந்த இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக வந்தார்கள். அந்த இரண்டு பாதியையும் ஒரே ஆளுக்குள் வைக்கிற படிப்பில் நீ உட்கார்ந்திருக்கிறாய், அதில் ஒரு பாதியை வேண்டாம் என்று எழுந்துவரப் பார்க்கிறாய்.

படிப்பில் இருப்பது என்று நீ தீர்மானித்தால், பாடங்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இன்ஜினீயரிங் தெரியாதவள் என்று தள்ளிவிடாதே. லேத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதிலேயே ஊறிவிடாதே. கம்பெனியில் ஒரு வேலைக்கு ஒரு ஆள், பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் நீ ஒருவன்தான். மரவேலை, அரம் பிடிப்பது, பற்றவைப்பது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். எலெக்ட்ரிக் பாடத்தை விட்டுவிடாதே. ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் இப்போது கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்துகொண்டிருக்கிறது. மோட்டாருக்குள் கம்பிக் காயில் கருகினால் மல்லாட்டைக் கொல்லை காய்ந்துபோகும், திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதை ரிப்பேர் செய்யத் தெரிந்த பையனை அந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சோறு போடும். டிராயிங்கை எல்லா வருஷமும் எடு. பாடத்தைத் தமிழில் சொல்லிப் பழகு. அங்கே எல்லாம் இங்கிலீஷில் நடக்கிறது, இங்கே முன்வரிசைப் பையனுக்கே இங்கிலீஷ் தகராறு. வகுப்பு நடத்திப் பழகப் பள்ளிக்கூடம் கேட்பார்கள், எல்லா வசதியும் உள்ள டவுன் பள்ளியைக் கேட்டு வாங்காதே. ஒரே லேத், அறுபது பிள்ளைகள், நடுவில் கரண்ட் போகும், அப்படி ஒரு பள்ளியாகக் கேள்.

பட்டத்தை ஏன் முழுசாக வாங்கிக்கொண்டு வா என்கிறேன் என்றால், ஸ்டாஃப் ரூமில் உட்காருகிற இடத்துக்காகவும்தான், ஒளிப்பானேன். தையல் டீச்சர், டிராயிங் மாஸ்டர், டிரில் மாஸ்டர் எங்கள் மூன்று பேருக்கும் கதவோரத்து பெஞ்சு. கணக்கு சாருக்குப் பாடம் முடியவில்லை என்றால், "தையல் பீரியடைக் குடுத்துடுங்க டீச்சர், பரீட்சை வருது" என்று எடுத்துக்கொள்வார். இத்தனை வருஷமாகக் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டேன், எரிச்சல் மட்டும் பழகவில்லை. டிப்ளமாவை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் உனக்கும் அந்த பெஞ்சுதான், உன் பீரியடும் கடன் போகும். உன் பாடமும் பாடம்தான் என்று சொல்ல உன் கையில் அவர்களிடம் இருக்கிற அதே காகிதம் இருக்க வேண்டும். அது ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் குத்துகிற விஷயம்.

நல்ல செய்தியும் வருத்தமான செய்தியும் ஒன்றாகவே வந்திருக்கிறது. இன்ஸ்ட்ரக்டருக்குச் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே பெரிய மில்லில் வேலை கிடைத்துவிட்டது. பெண்ணும் பார்த்துவிட்டார்களாம். பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறார். இதைச் சொல்ல வந்தபோது என்னிடம், "இன்னொரு வருசம் இருந்திருந்தா வாத்தியாரா ஆயிருப்பனுங்க டீச்சர்" என்று சொன்னார், சிரிக்கவும் இல்லை. பட்டறை வகுப்பு இந்த வாரத்தோடு முடிந்துவிட்டதால், ஹெட்மாஸ்டர் ஷெட்டுச் சாவியை ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொன்னார். நான் குறுக்கே போய், என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க தையலு."

"அதனாலதான் சார் கேக்கறேன். எண்ணெய் போட்டு வெக்கற பழக்கம் எனக்குத்தான் இருக்குது. மாசம் ஒருக்கா தொறந்து தொடைச்சி வெக்கறேன். மறுபடியும் பொட்டு மட்டும் வெச்சிக்கினு இருந்தா துரு ஏறிடும் சார்."

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான், பொட்டு வைத்தவர் அவர் அல்லவா? ஆனாலும் கொடுத்துவிட்டார். சாவி என் தையல் பீரோவில் நூல்கண்டுகளுக்கு நடுவே இருக்கிறது.

நீ பாலிடெக்னிக்குக்குப் போனால் எனக்கு வருத்தமே இருக்காது என்று எழுதினால் அது பொய். வருத்தப்படுவேன். அப்புறம் ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையில் உன்னைப் பார்த்ததும் சரியாகிவிடும், பெற்ற மனம் அவ்வளவுதான். நேற்று அப்பாவுக்கு இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ரெண்டு குதிரைன்னு சொன்னேன், அத்த அடிச்சிடு" என்றார். அடிக்கவில்லை, நீ படிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். சாவியை உனக்காகத்தான் அம்மா வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மட்டும் முடிவெடுக்காதே. அடுத்த வருஷமே வேறு யாராவது வரலாம். யார் வந்தாலும் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், என் வயிற்றில் பிறந்தவனே வந்து நின்றாலும் கேட்காமல் கொடுக்கமாட்டேன். பிள்ளை தப்பாகக் கடையும்போது உன் கை எங்கே இருக்கும்? அதற்குப் பதில் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ, அந்தப் பாடத்தை எடு.

உன் அம்மா